வண்டியின் தும்மல்

எங்கள் தாராவி வீட்டில் இரண்டு வாசனைகள் எப்போதும் இருந்தன: அப்பாவின் காக்கிச் சட்டையில் ஊறிப்போன பெட்ரோல், அம்மா அவருடைய வேட்டிகளை முக்கி எடுக்கும் சோற்றுக் கஞ்சி. வாரமெல்லாம் டாக்ஸி ஓட்டிக் கறுத்துப்போகிற மனிதர் வெள்ளிக்கிழமையாவது மொறமொறவென்று வேட்டி கட்டி வண்டிக்குச் சூடம் காட்ட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம்.

வண்டி பழையது, பல கை மாறி அப்பாவிடம் வந்தது. அதற்கு வருகிற நோய்களை அவர் காதாலேயே கண்டுபிடிப்பார். "முன்னால தும்முனா வண்டிக்குப் பசி, பின்னால வெடிச்சா செமிக்கலைன்னு அர்த்தம்" என்பார். என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்புரேட்டர் பக்கம் 'டப்'பென்று எதிர்த்து அடித்தால் பெட்ரோல் போதவில்லை. சைலன்சரில் வெடித்தால் எரியாத பெட்ரோல் அங்கே போய்ப் பற்றுகிறது. என் தம்பி செல்வம், நான்கு வயதுக்காரன், இரண்டு சத்தத்தையும் வாயால் செய்துகாட்டி எங்களைச் சிரிக்க வைப்பான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் பெட்ரோல் டாங்கியில் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்பா பெட்ரோலைத் தகர டின்னில் இறக்கி, வடிகட்டத் துணி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். சோறு போடுகிற வண்டிக்குக் கந்தல் துணியைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. கொடியில் விறைத்துக் கிடந்த புது வேட்டியைக் கிழித்து, மடித்துக் கட்டி, அவர் வருவதற்குள் தானே வடிகட்டியும் முடித்துவிட்டாள். நல்ல காரியம் செய்த பெருமை அவள் முகத்தில் இருந்தது. அப்பா துணியைக் கவனிக்காமல் பெட்ரோலை டாங்கியில் ஊற்றிக்கொண்டார்.

மறுநாளே செல்வத்துக்குத் தொண்டை அடைத்தது. மாட்டுங்கா டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, உடனே பரேலுக்கு அப்பால் இருக்கிற தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். மழையில் பஸ்கள் நின்றுபோயிருந்தன. அம்மா அவனை மடியில் கிடத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள், நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அவன் மூச்சை இழுக்கும் சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது.

தாதரைத் தாண்டுவதற்குள் வண்டி தும்மத் தொடங்கியது. முன்னால்தான், பசிதான் என்று எனக்கே கேட்டது. ஆனால் கொட்டுகிற மழை அப்பாவைக் குழப்பிவிட்டது. ஈரத்தில் கரண்ட் சரியாகப் போகவில்லை என்று நினைத்து, சட்டையைக் கழற்றி ஒயர்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கை காட்டிய வண்டி ஒன்றும் நிற்கவில்லை.

"ஏங்க, பிள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள் அம்மா. கத்தக்கூட இல்லை.

அப்புறம்தான் கார்புரேட்டரைத் திறந்தார். நான் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். பெட்ரோல் போகிற ஊசித்துளை 'ஜெட்'டில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. விரலில் எடுத்து நசுக்கினார். வேட்டியை உதறும்போது உதிருமே, அதே கஞ்சிப் பொருக்கு, தண்ணீரில் ஊறிக் கூழாகிப் போயிருந்தது. பின் சீட்டை ஒரு பார்வை பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு விரலை மழையில் கழுவினார்.

"என்னங்க அது?"

"தண்ணி எறங்கிட்டு. வேற ஒண்ணுமில்ல."

ஜெட்டை வாயால் ஊதி மாட்டி ஓட்டினார். மறுபடி அடைத்தது, மறுபடி ஊதினார். அந்த இரைச்சலில் தம்பியின் மூச்சுச் சத்தம் எப்போது நின்றது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை அணைத்தபோதுதான் தெரிந்தது.

"அன்னைக்குப் பேஞ்ச மழைக்கு எந்த வண்டியும் நின்னுதான் போயிருக்கும்" என்று அப்பா சாகும்வரை சொன்னார், அம்மா காதில் விழும்படி. நானும் அதையே சொன்னேன். எனக்கு இன்றும் மழையைக் கண்டால் எரிச்சல்தான். வேறு யார்மேல் கோபப்படுவது?

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். என் மகனுடைய காரில் கார்புரேட்டரே கிடையாது, தெருவில் அந்தத் தும்மலைக் கேட்டும் வெகுகாலம் ஆகிறது. அதற்கெல்லாம் முன்பே எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது ஒன்று உண்டு. தம்பியைப் புதைத்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அப்பா தொளதொளத்த வேட்டியோடு வண்டிக்குச் சூடம் காட்டினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கடைசிவரை அம்மா எந்தத் துணிக்கும் கஞ்சி போடவில்லை. வடித்ததை அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.