குட்டித் திரையில் நின்ற படகு

2006, தை மாதம். காரைக்காலில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து டிஜிட்டல் கேமராக்களைப் பற்றிப் படிப்பேன். சொந்தமாக ஒன்றுகூட இல்லாவிட்டாலும், ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

கருக்களாச்சேரியில் எனக்கு ஒரு நண்பன், பள்ளித் தோழன். அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டே, விசேஷங்களுக்குப் போட்டோ எடுக்கும் தொழிலிலும் இறங்க ஆசைப்பட்டான். பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மாமா தன் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போகத் தயாராக இருந்தார். கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு குட்டித் திரை இருக்கிற ரகம்.

"நீ பாத்துச் சொல்லுடா. நீ சொன்னா வாங்கிக்கிறேன்" என்றான் நண்பன்.

ஒரு ஞாயிறு முழுக்க, தருமபுரத்தில் எங்கள் வீட்டில் வைத்துச் சோதித்தேன். காலண்டர், செம்பருத்திப் பூ, தூங்குகிற பூனை. எடுத்த எதுவுமே அசையவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு படம் எடுத்ததும் அந்தப் படமே இரண்டு நொடி குட்டித் திரையில் நிற்கும். வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். நான்தான் அதைப் பெரிய வசதியாகக் கொண்டாடினேன். "கண்ண எடுக்காமலே படம் எப்படி வந்திருக்குன்னு பாத்துக்கலாம்டா" என்று சொல்லி, அப்படியே அவன் கையில் கொடுத்தேன்.

முதல் வேலை அவன் சித்தப்பாவின் புதுப் படகு. சித்தப்பாவின் மூத்த மகன் வளைகுடாவில் உழைத்து வாங்கிக் கொடுத்த ஃபைபர் படகு அது. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. படகு கடலில் இறங்கும்போது முதல் அலை அணியத்தில், அதாவது முன்முனையில், அடிக்குமே, அந்த ஒரு படம்தான் சித்தப்பாவுக்கு வேண்டும்.

"எம்புள்ள பாக்கணும்ப்பா" என்றார்.

கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். முப்பது பேர் கூச்சலோடு தள்ளினார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த நண்பன், படகு ஈரமணலைத் தொட்டதும் ஒரு படம் எடுத்தான். அப்புறம் கண்ணை எடுக்காமல் காத்திருந்தான். கரையிலிருந்த நான் பார்க்கப் பார்க்க, அலை அணியத்தில் உடைந்து பூமாலையெல்லாம் நனைந்தது. அவன் அடுத்த படத்தை எடுப்பதற்குள் படகு தாண்டிப் போயிருந்தது.

சித்தப்பா துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். நுரையும், படகின் பின்பக்கமும்தான் இருந்தன.

"கடல் இங்கயேதான்டா கெடக்கு. இதயா எடுக்கச் சொன்னேன்?"

"திரும்ப ஒருவாட்டி ஏத்தி எறக்கலாமா சித்தப்பா?"

"பூச போட்டு எறக்குன படக ஒடனே ஏத்துறதா? வாயக் கழுவுடா!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் சீறியது.

"வல வீசுற கைக்குப் போட்டோப் பொட்டி வருமா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நண்பன் என்னிடம் வந்தான். "படகு அங்கயே நின்னுச்சிடா. நெசமா. கேமராவுக்குள்ள பாத்தா அப்படியே நின்னுச்சி."

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. முதல் படம் திரையில் உறைந்து நின்றிருக்கிறது. அவன் அதையே நிஜப் படகு என்று நம்பிக் காத்திருக்கிறான். தப்பு என்மேல் என்று சத்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ லேட்டா அமுக்கிட்டடா" என்றேன்.

அவன் தன் விரலைப் பார்த்தான். "ஆமாடா. எனக்குக் கை வேகம் பத்தல" என்றான்.

மாமா ஊருக்குக் கிளம்புவதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்புறம் எவர் கூப்பிட்டும் படம் எடுக்கப் போகவில்லை. போன வருடம் அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். போட்டோ எடுக்க வந்தவரிடம் என்னைக் காட்டி, "நமக்கு இது வராதுன்னு மொதல்லயே கண்டுபுடிச்சது இவன்தாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னான். அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

என் அவசரத் தீர்ப்பின் குறையை அவன் விரல்மேல் சுமத்தினேன். அதை அவனிடம் சொல்ல இன்றுவரை வாய் வராமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.