மஞ்சள் தடவிய உறை

இந்த மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்து ஆபீசில் எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டார்கள். உதவாத துண்டுச் சீட்டைக்கூட ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்துவிடுவார்கள். கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இத்தனை வருஷம் கோத்தும் எனக்கு இது பழகவில்லை. நம் ராசிபுரம் பக்கத்தில் சாவுச் செய்தி வந்த காகிதத்தைப் படித்த கையோடு கிழித்தெறிவோம். அது வீட்டில் தங்கக்கூடாது. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். நான் மறந்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பாவம்.

நம்மூர்க் காளியப்பன் இங்கே காய்ச்சலில் போனபோது, அவன் மனைவி பாவாயிக்கு மரண சர்ட்டிபிகேட்டை அனுப்பும் வேலை எனக்கு வந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கற்றுக்கொடுத்தபடி முதல் வரியிலேயே சாவை எழுதி, "இத்துடன் சர்ட்டிபிகேட் இணைத்திருக்கிறேன்" என்று முடித்துக் குண்டூசி குத்தினேன். மூன்று மாதம் கழித்து, யாரிடமோ சொல்லி எழுதிய பதில் அவளிடமிருந்து வந்தது.

"எளவுக் காயிதத்த ஊட்டுல வெக்கக்கூடாதுன்னு எல்லாத்தயும் ஒண்ணாக் கிழிச்சுப் போட்டனுங்க சாமி. இப்ப எங்கொழுந்தன், அண்ணன் உசுரோடதான் இருக்கறாருன்னு சொல்லி, காட்ட உடமாட்டேங்கறானுங்க. மணியக்காரரு அத்தாட்சி கேக்கறாருங்க."

காடு என்பது இரண்டு ஏக்கர் புன்செய். அதை விட்டால் அவளுக்கு வேறு கஞ்சி இல்லை. இன்னொரு சர்ட்டிபிகேட் கேட்டுத் துரையிடம் போனேன்.

"கோபத்தில் கிழித்தாளா?"

"இல்லை துரை, முறைப்படி."

"அப்படியானால் பைத்தியம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என்னைச் சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

இந்த முறை மேல்கடிதத்தில் சாவு என்ற சொல்லே இல்லை. "நலம். இத்துடன் இருப்பது உன் காட்டுக்கான காகிதம். கிழிக்காதே" என்று எழுதினேன். எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே காளியப்பன் நிற்பதுபோலவே இருந்தது. மாதாமாதம் அங்கே நின்றுதான் கடிதம் சொல்லுவான். கடைசி மாதம் காய்ச்சலில் பல் தந்தியடிக்க, "நல்லா இருக்கறேன்னு போடுங்க சாமி" என்றான். அன்றும் போட்டேன். இன்றும் போட்டுவிட்டேன். உறையின் நான்கு மூலையிலும் கல்யாணக் கடிதம்போல் மஞ்சள் தடவினேன்.

காடு பாவாயி பேருக்கு மாறிவிட்டதாம். "மஞ்சக் காயிதத்த சாமி படத்துக்குப் பொறவால பத்தரமா வெச்சிருக்கறனுங்க" என்று எழுதியிருந்தாள். இழவுக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால்! அதைப் படித்த நாளிலிருந்து ஜன்னல் பக்கம் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று என் மனைவி கேட்டு எழுதுகிறாள். பதில் தெரியவில்லை. என் பெட்டியில் அவள் விலாசம் எழுதிய உறை ஒன்று இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உள்ளே "நலம்" என்று மேல்கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். இணைக்க வேண்டிய சர்ட்டிபிகேட் மட்டும்தான் இன்னும் வரவில்லை.