நான் நடத்தாமல் விட்ட சட்டம்

மிளகாய்க் கம்பெனியின் கடிதத்துக்கு நான் சொன்ன அர்த்தம் தவறு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

முப்பது வருடம் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றதும் திருச்சுழிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பினேன். புஞ்சையைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். மானாவாரி மிளகாய். ஊரில் இருபது வீட்டு மிளகாயை ஓர் ஏற்றுமதிக் கம்பெனி மொத்தமாக வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பியது. வீட்டுக்கு வீடு தனியாக எடுப்பது கிடையாது. எல்லார் மிளகாயையும் களத்தில் ஒரே குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, கலந்து, மூட்டை பிடிப்போம். தன்னுடையதைத் தனியாக வைக்கிறவருக்கு ஊரைப் பிரிக்கிறவர் என்று பெயர் வந்துவிடும்.

கம்பெனியை ஊருக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண். அவருடைய மாமனார் எங்கள் அப்பாவின் நிலத்தில் கூலிக்கு உழுதவர். இந்தப் பெண்ணோ பத்தாவது வரை படித்து, இரண்டு ஏக்கர் சொந்தமாக வாங்கி, தானே மிளகாய் போட்டார். வாங்கும் நாட்டுச் சட்டப்படிதான் மருந்து அடித்திருக்கிறோம் என்று ஊருக்காகக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

அந்த மார்கழியில் செடியெல்லாம் இலை சுருண்டு நின்றது. அதற்குக் கேட்கிற மருந்து ஒன்றுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. மிளகாயில் அந்த மருந்து இவ்வளவுதான் தங்கலாம் என்ற அளவை ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் ஏறக்குறைய இல்லை என்கிற அளவுக்குக் குறைத்துவிட்டது, அடிக்காதீர்கள் என்று தமிழில் எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தம்பியும் இருந்தான்.

"அண்ணே, இப்ப அடிக்கலைன்னா செடிய ஆட்டுக்குத்தான் விடணும்" என்றான்.

நான் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னேன்: "இது எல்லா நாடும் கூடிப் போட்ட முடிவு. ஜெர்மனி பாராளுமன்றம் எடுத்துச் சட்டம் போட்டாத்தான் அங்க செல்லும். நம்ம நாட்டுலயும் அப்படித்தானே? வெளிநாட்டோட ஒப்பந்தம் போட்டாலும் நம்ம பாராளுமன்றம் சட்டமாக்கணும். ரெண்டு வருசமாவது ஆகும்."

"அடியில வேற மாதிரி போட்ருக்கேய்யா. பங்குனியிலருந்து எல்லா நாட்டுலயும் நேரடியாச் செல்லும்னு."

"ஏம்மா, சட்டம் படிச்சது நீயா, நானா?"

தம்பி சிரித்தான். "விடுங்கண்ணே. அவுக அடுத்து ஜெர்மனிக்குக் கலெக்டராப் போகப் போறாக."

நானும் சிரித்தேன். அந்தப் பெண் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனார்.

வக்கீல் வாத்தியாரே சொல்லிவிட்டார் என்று ஊர் முழுக்க மருந்து அடித்தது. அந்தப் பெண் மட்டும் அடிக்கவில்லை. அவர் செடியில் பாதிதான் தேறியது. அந்தப் பாதியையும் பங்குனியில் கொண்டுவந்து பொதுக் குவியலில்தான் கொட்டினார். மூட்டை பிடித்த அன்று தாளை நீட்டி, "கையெழுத்துப் போடலாமாய்யா?" என்று கேட்டார். "தைரியமாப் போடு" என்றேன்.

ஆடியில் சரக்கு ஜெர்மனித் துறைமுகத்தில் நின்றுபோன செய்தி வந்தது. சோதனையில் மருந்து இருந்ததாம். அங்கேயே அழித்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்த ஒன்றியம் போடும் சட்டங்களில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, உறுப்பு நாடுகளுக்குக் கெடு கொடுத்து, அவரவர் சட்டமாக்கிக்கொள்ளச் சொல்வது. மற்றது அப்படியல்ல. குறித்த நாளில் எல்லா உறுப்பு நாடுகளிலும் அது தானாகவே உள்நாட்டுச் சட்டமாக நிற்கும். எந்தப் பாராளுமன்றமும் கை தூக்க வேண்டியதில்லை. அந்த நாட்டு நீதிமன்றமும் அதிகாரியும் அதை அப்படியே நடத்தியாக வேண்டும். கடிதத்தில் இருந்தது இந்த இரண்டாவது வகை. கடைசி அத்தியாயம் அது. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று வருடா வருடம் நடத்தாமல் விட்டேன். நானும் ஒழுங்காகப் படித்ததில்லை.

மறுநாள் கம்பெனி ஆள் களத்துக்கு வந்து, இந்த ஊர்ச் சரக்கு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டது.

"கையெழுத்து யாருது?"

"கம்பெனி கம்பெனின்னு கூட்டிட்டு வந்தியே, இப்ப எங்க போயி விக்க?"

"படிச்ச திமிரு. வேறென்ன."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தேன். தேவைக்கு மேல் நேரமெடுத்துத் துடைத்தேன். போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவர் விவசாயத்தை விட்டார். இப்போது அருப்புக்கோட்டையில் நூல் மில் வேலை. காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போன மாதம் ஒரு நாள் வேன் நிற்கும் இடத்துக்கே போனேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. அந்தச் சட்டம் நேராவே செல்லும்."

"தெரியும்யா."

"எப்பத் தெரியும்?"

"கடுதாசியிலயே இருந்துச்சே."

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்ட?"

"நீங்க போடச் சொன்னீகளேய்யா." சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அது கூடப் பெருசில்லய்யா. களத்துல ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு நின்னேன்."

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"இனிமே சொல்லி என்னய்யா. புஞ்சையில சீமைக்கருவேலம் ஏறிப்போச்சு. வாரேன்."

வேன் வந்தது. ஏறிக்கொண்டார். அவர் வேண்டாம் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இன்று வரை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் களத்தில் இதைப் படிக்கிறவர் யாரும் இல்லை. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.