கால்வாய் மீனுக்கு ஒரு விருந்தாளி

எங்கள் வீட்டுக்கு மாமா வந்ததும் மீன் வந்ததும் ஒரே வருடத்தில். மாமாதான் முதலில் வந்தார். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மீன்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வன்னியில் சண்டை முடிந்தபின் எந்தெந்த நாடுகளையோ சுற்றி, ஒரு குளிர்காலத்தில் பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் இருந்த எங்கள் சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சோபாவில் படுத்தார். அவருடைய அகதிக் கேஸ் ஒருமுறை தள்ளுபடியாகி, அப்பீலில் கிடந்தது. “அவனுக்கு இன்னும் வதிவிட காட் கிடைக்கேல்லை” என்று அம்மா டெலிபோனில் கவலையோடு சொல்லுவார். எனக்கும் நூலகத்து காட் வருவதற்குப் பல வாரம் பிடித்தது. ஆகையால் மாமாவின் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரியும் என்று நினைத்திருந்தேன்.

மாமாவுக்கு நடப்பதில் பெரிய விருப்பம். மெத்ரோ ரயிலில் ஏறவே மாட்டார். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் போகவேண்டி வந்தால், வாசலில் பொலிஸ் நிற்கிற அந்த ஸ்டேஷனைத் தொடாமல் நாலு தெரு சுற்றித்தான் போவார். இவ்வளவு நடை விருப்பமுள்ள மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

கோடை விடுமுறையில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கடலுக்கும் மலைக்கும் போய்விட்டார்கள். அப்பாவுக்கு ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. அவருக்கு விடுமுறை என்பதே கிடையாது. என்னிடம் இருந்தது நூலகத்தில் எடுத்த ஒரு மீன் புத்தகமும், நடக்க விருப்பமுள்ள ஒரு மாமாவும். இரண்டு பேரும் வில்லெட் பக்கம் கால்வாய்க் கரையில் நடப்போம். இந்தத் தண்ணீரில் மீன் இருக்கிறது என்று புத்தகத்தைக் காட்டி நான் அடித்துச் சொன்னேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்குள்ளை போத்தல்தான் பிள்ளை கிடக்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் கட்டியிருந்த படகு ஒன்றின் நிழலில் ஏதோ பளிச்சென்று திரும்பியது. மாமாவின் சிரிப்பு நின்றது. அப்படியே குப்புறப் படுத்து, தலையைக் கரைக்கு வெளியே நீட்டிப் பார்க்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் படுத்தேன். போகிற வருகிறவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அடுத்த நாளே மலிவுக் கடை ஒன்றில் தூண்டில் தடி வாங்கினார். அம்மா கறிக்கு வைத்திருந்த இறாலில் ஒரு பிடி காணாமல் போனது. அப்பாவின் உணவகத்துத் தயிர் வாளி ஒன்று எங்கள் கைக்கு வந்தது.

மிதப்புக் கட்டை இரண்டு தரம் துடித்து, பிறகு ஒரேயடியாக உள்ளே போனதை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடாமலே பார்க்க முடியும். நான் வீரிட்டேன். மாமா தடியை உயர்த்தினார். வெயிலில் ஒரு சின்ன வட்டம் சுழன்று சுழன்று மேலே வந்தது. என் உள்ளங்கையளவுதான். ஆனால் என்ன நிறம்! வயிறு மாம்பழச் செம்மஞ்சள். கன்னத்தில் யாரோ நீல மையால் நெளிநெளியாகக் கோடு கிறுக்கிவிட்டது போல இருந்தது. முதுகுச் செட்டையில் முள் வேறு. அது மாமாவின் விரலைக் குத்தி இரத்தம் எடுத்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. “பாரடி! பாரடி!” என்று தானும் ஒன்பது வயதுப் பிள்ளை போலக் குதித்தார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தோம். சமையலறை மேசையில் விசாரணை தொடங்கியது.

“இது ஜப்பான் மீன். எங்கடை குளங்களிலை கிடக்குமே, அதுதான்” என்றார் அப்பா.

“என்னவெண்டாலும் பொரிக்கலாம்” என்றார் அம்மா.

நான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பெர்ஷ் என்று பார்த்தால் உடம்பில் பட்டைகள் இல்லை. புவியேர் என்று பார்த்தால் அதற்கு முதுகில் முள் இல்லை. கடைசியில், பின்பக்கத்தில், கண்ணுக்குப் பின்னால் காது மாதிரி ஒரு கறுப்பு மடல் உள்ள மீன் இருந்தது. அந்த மடலின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. வாளிக்குள் பார்த்தேன். பொட்டு இருந்தது! “பெர்ஷ் சொலெய்!” என்று கத்தினேன். சூரிய மீன். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்த நாட்டு மீன் அல்ல என்று கீழே போட்டிருந்ததை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“நூறு வருசம் கழிச்சும் வெளிநாட்டு மீன் எண்டுதான் எழுதுவாங்களோ?” என்று கேட்டுவிட்டு மாமா சிரித்த சிரிப்பு அடங்குவதற்கு நெடுநேரம் ஆனது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். இதில் என்ன பகிடி என்று எனக்கு விளங்கவில்லை.

பொரிக்கும் யோசனை அத்துடன் கைவிடப்பட்டது. யாரோ நடைபாதையில் எறிந்திருந்த வெடித்த கண்ணாடித் தொட்டியை மாமா தூக்கிவந்து, சிலிக்கோன் பூசி, சல்லிக் கல் பரப்பினார். கடையில் வாங்கிய மீன்தீனியைச் சூரிய மீன் வாயில் எடுத்துத் துப்பிவிட்டது. இறால் போட்டால் பாய்ந்து வந்தது. மாமா சோபாவில் எழுந்து உட்கார்ந்தால் போதும், கண்ணாடியோரம் வந்து நிற்கும். சில நாளில் அது வாலால் கல்லை விசிறி விசிறி ஒரு கிண்ணம் போலக் குழி தோண்டியது. கூடு! ஆண் மீன்தான் கூடு கட்டிக் காவல் இருக்கும் என்று புத்தகம் சொன்னது. அப்படியென்றால் அதற்கு ஒரு பெண் மீன் வேண்டும். நான் மாமாவை அரித்தெடுத்தேன்.

இரண்டாவது மீன் அதைவிடப் பெரிதாகவும் இன்னும் பளபளப்பாகவும் வந்து விழுந்தது. வாளியைச் சுற்றி ஆடினேன். ஆனால் இது பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரையோரமாக ஒருவர் வந்துகொண்டிருந்தார். பச்சை உடுப்பு, கையில் ஒரு வாளி. சட்டையில் குத்தியிருந்த உலோகப் பட்டயத்தில் மீன் படம். இதைவிட அதிர்ஷ்டம் வேறு என்ன வேண்டும்?

“மிஸ்யூ! மிஸ்யூ!” என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, கத்தாதை” என்றார் மாமா மெதுவாக. தடியைக் கீழே வைத்தார். பிறகு என்னைத் தெரியாதவர் போல நாலைந்து அடி தள்ளிப் போய் நின்று மரத்தைப் பார்த்தார். நான் மீனைக் காட்டுவதற்காக வாளியைக் கரை விளிம்புக்கு இழுத்தேன். அடுத்த கணம் மாமா பக்கத்தில் நின்றார். பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு விடவே இல்லை.

பட்டயக்காரர் குனிந்து பார்த்தார். இது என்ன மீன் தெரியுமா என்று என்னைக் கேட்டார். காது மடலையும் சிவப்புப் பொட்டையும் காட்டி ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடக்கூடாது, உயிரோடு கொண்டுபோகவும் கூடாது, அதுதான் சட்டம் என்று விளக்கிவிட்டு, மாமாவை நிமிர்ந்து பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அதில் மாமாவுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான்.

“காட் கேக்கிறாரோ?”

“ஓம் மாமா. மீன் பிடிக்கிற காட்.”

மாமாவின் முகம் வெளுத்தது. என் சட்டையைப் பிடித்திருந்த பிடி இன்னும் இறுகியது. பெரிய மீன் பிடித்த சந்தோஷம் என்று நினைத்தேன். நானும் வாளியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

காட் இல்லை என்று நானே பதில் சொன்னேன். பட்டயக்காரர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், இந்தத் தூண்டில் உன்னுடையதுதானே என்று கேட்டார். இல்லவே இல்லை, மாமாவுடையது என்றேன். இல்லை, உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றார் மறுபடியும். பெரியவர் ஒருவர் இப்படிப் பிழையாகச் சொல்லுகிறாரே என்று நான் திருத்த வாயெடுத்தேன். மாமா சட்டையை ஓர் இழுப்பு இழுத்தார். பட்டயக்காரர் சிரித்துவிட்டு, அடுத்த தரம் காட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அத்துடன் அவர் போயிருப்பார். ஆனால் நான் விடவில்லை. வீட்டிலும் ஒன்று இருக்கிறது, கூடு கட்டியிருக்கிறது, இது அதற்குப் பெண்சாதியா என்று கேட்டேன். வீடு எங்கே என்றார். ஃபொபூர் சேன்-தெனி என்று தொடங்கி, கட்டட இலக்கம், கதவு திறக்கிற கோட் எண், மூன்றாம் மாடி இடது பக்கம் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். தெருப் பெயர் மட்டும் மாமாவின் காதில் விழுந்தது.

“ஏன் பிள்ளை விலாசம் சொல்லுறாய்?”

“எங்கடை மீனைப் பாக்க ஒரு நாளைக்கு வீட்டை வருவாராம் மாமா!”

வாளியில் இருந்ததும் ஆண்தான், இரண்டையும் ஒன்றாக விட்டால் அடிபட்டுச் சாகும் என்று சொல்லி அதைத் தன் வாளியில் வாங்கிக்கொண்டார் பட்டயக்காரர். வீட்டு மீனை ஒருநாளும் கால்வாயில் விடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்குக் கை கொடுத்தார். மாமாவுக்கும் கொடுத்தார். வீடு வரும்வரை மாமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அடுத்த நாள் காலையில் ஒரு பையோடு லா கூர்னெவில் இருந்த கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே வேலை இருக்கிறது என்றார்கள். நான் அழுதேன். பெரியவர்கள் அன்றைக்கு என்னை ஏசவில்லை. மாமாவுக்கு இரண்டு வருடம் கழித்து காட் கிடைத்தது. இப்போது மூன்று பிள்ளைகளோடு அங்கேயே இருக்கிறார். சூரிய மீன் மாமாவுக்கு காட் கிடைத்ததையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடியது.

ஆனால் அந்தக் கோடையில் மிஞ்சியிருந்த நாட்களில் எனக்கு ஓயாத வேலை. பட்டயக்காரர் எந்த நேரமும் வரலாம். தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். வாசலில் செருப்புகளை அடுக்கினேன். கதவு தட்டினால் முதல் ஆளாக ஓடினேன். பின்னேரங்களில் மாமா டெலிபோன் எடுப்பார். சாப்பிட்டாயா, படித்தாயா என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் இதுதான்:

“மீனைப் பாக்க ஆராவது வந்தவையோ?”

“இல்லை மாமா. ஒருத்தரும் வரேல்லை” என்பேன்.

மறுமுனையில் மாமா நீளமாக மூச்சு விடுவது கேட்கும். என்னைப் போலவே அவரும் வழி பார்த்துப் பார்த்து ஏமாந்துபோகிறார் என்று எனக்குப் பாவமாக இருக்கும். உடனே ஆறுதல் சொல்லுவேன்.

“கவலைப்படாதேங்கோ மாமா. அவர் கட்டாயம் வருவார்.”