லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

மாலை 6:40. ஓஸ்மார் மாத்தே தேநீரை உறிஞ்சி முடித்து, குடுவையை என் கையில் கொடுத்து, "நன்றி" என்றான். எங்கள் பக்கத்தில் குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்று பொருள். மிச்ச வெந்நீரை வாசலில் கொட்டினேன். என் கணவனோடு நான் செய்த கடைசிச் சாதாரணக் காரியம் அது.

இதற்குப் பிறகு நடந்ததைக் கதையென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். எது எந்த அலமாரிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். இது கதைகளின் அலமாரிக்குப் போகாது.

1998, மார்ச் கடைசி. சாந்தா ஃபே மாகாணத்தின் தெற்கில் சோயா அறுவடை தொடங்கியிருந்தது. நான்கு மாதம் முன்பு ஒரு தரகரிடம் பழைய டீசல் கார் வாங்கியிருந்தோம். குடும்பத்தோடு போவதற்கேற்ற நீளக் கார். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரவேண்டிய வண்டி ஒன்பதுதான் தந்தது.

ஓஸ்மார் ஊர் மின்சாரக் கூட்டுறவில் மீட்டர் கணக்கெடுப்பவன். எங்கோ ஒரு யூனிட் காணாமல் போனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை தூங்கமாட்டான். கார் விஷயத்திலும் அப்படித்தான். ஏர் ஃபில்டரை மாற்றினான். இன்ஜெக்டர்களை ரொசாரியோ நகரத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்து வந்தான். ஜாக்கியில் தூக்கி நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தான். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. ஒழுகலும் இல்லை. டேங்கை மூடிவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் டீசல் ஊற்றி, குழாயால் இன்ஜினுக்கு இணைத்து ஓட்டினான். ஒன்பதாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

வித்துத் தொலை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். ஏனென்று தெரியாமல் விற்கமாட்டேன் என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் தானியக் கிடங்கின் லாரி எடைமேடைக்குக் காரைக் கொண்டுபோனோம். அங்கே எடை போடுகிறவன் டெல்ஃபோர், ஓஸ்மாரின் சின்ன வயது நண்பன். நான் இறங்கிக்கொண்டேன். மேடையில் கார் ஏறியது. ஸ்டியரிங் முன்னால் ஓஸ்மார். எண் நின்றது: 1,340.

டெல்ஃபோர் ஜன்னலில் தலையை நீட்டினான். "குண்டா, எறங்கு. ஒன்னைச் சொமக்கறதுக்கே அது தனியா குடிக்குது போல."

ஓஸ்மார் இறங்கினான். 1,250.

"தொண்ணூறு கிலோ. நெலிதா, இவனுக்கு ராத்திரிச் சோத்தை நிறுத்து, வண்டி பதினஞ்சு கொடுக்கும்."

சிரித்தோம். பிறகு ஓஸ்மார் காரின் காகிதத்தைப் பிரித்தான். டேங்க் நிறைய டீசலோடு காலி வண்டியின் எடை 1,180 என்று இருந்தது. எழுபது கிலோ கூடுதல். பின் சீட்டைக் கழற்றினார்கள். ஸ்டெப்னி டயரை எடுத்தார்கள். கதவு இடுக்குகளைக்கூடத் துழாவினார்கள். எழுபது கிலோ போகவே இல்லை. போன வாரம்தான் மேடையைச் சரிபார்த்தார்கள், பத்து கிலோ முன்பின் இருக்கலாம், எழுபது இருக்காது என்று டெல்ஃபோர் சத்தியம் செய்தான்.

வீடு திரும்பும்போது ஓஸ்மார் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு சொன்னான்: "எழுவது கிலோவால இவ்வளவு குறையாது, கெழவி. இவ்வளவு குறையணும்னா வண்டி எதையோ இழுத்துட்டுப் போகணும்."

மண் சாலையில் காரை நிறுத்தி இறங்கினோம். மழை பெய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. புழுதி மாவு போல இருந்தது. எங்கள் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாக, மூன்றாவதாக ஒரு தடம். அகலமாக, வழவழப்பாக. சாக்கு மூட்டையை இழுத்தது போல.

ஓஸ்மார் குனிந்து காருக்கு அடியில் கையை விட்டான். தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடைவெளி. எதுவும் தொங்கவில்லை.

அதனால்தான் அந்த மாலை மறுபடி போனோம். அறுவடை லாரிகள் ஓய்ந்த பிறகு, காற்றும் அடங்கிய பிறகு. அவன் திட்டம் எளிமையானது. பாலம் வரை இரண்டு கிலோமீட்டர். நான் நடை வேகத்தில் ஓட்டவேண்டும். அவன் டார்ச்சோடு பின்னால் நடந்து, கோடு எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பான்.

"நடுவுல நிறுத்தாதே. ஓடும்போதுதான் அது விழுது. நிறுத்தணும்னா நான் ரெண்டு தட்டு தட்டுவேன். ஒரு தட்டுக்கு நிறுத்திடாதே, கல் அடிச்சிருக்கும்."

"நீ தடுக்கி விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு தட்டு."

7:10. முதல் கியர். கண்ணாடியில் அவன் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த சோயா.

7:19. வெளிச்சம் கீழே இறங்கியது. குனிந்து பார்க்கிறான் என்று நினைத்தேன்.

பிறகு வெளிச்சம் இல்லை.

வண்டி கனத்தது. இன்ஜின் சத்தம் மாறியது, மேடு ஏறுவது போல. எங்கள் சமவெளியில் மேடே கிடையாது. ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினேன்.

டொக்.

என் காலுக்கு அடியில். தரைத் தகட்டில்.

இரண்டாவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. கல் என்று நினைத்தேன்.

7:24. டொக்.

ஒன்றுதான்.

7:28. டொக்... பிறகு ஏதோ உரசும் சத்தம். நீளமாக.

நான் இரண்டு தட்டுக்குக் காத்திருந்தேன். அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

7:34. பாலம். நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன்.

"ஓஸ்மார்."

தவளைச் சத்தம் மட்டும்.

"கெழவா, போதும் வெளையாட்டு."

காரிலிருந்த இன்னொரு டார்ச்சை எடுத்தேன். காருக்கு அடியில் அடித்தேன். ஒன்றுமில்லை. பின்னால் அடித்தேன்.

புழுதியில் ஒரு கோடு இல்லை. இரண்டு. பக்கத்தில் பக்கத்தில்.

அவற்றின் ஓரமாகவே ஓடினேன். 7:50க்கு அவனைக் கண்டேன். சாலை நடுவே மல்லாந்து கிடந்தான், டார்ச் கைக்கு அருகில். புதிய கோடு அவன் காலடியில்தான் தொடங்கியது. அவன் கிடந்த இடத்திலிருந்து பாலம் வரை வந்திருந்தது. அவன் மட்டும் அங்கேயே இருந்தான்.

உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது.

மாரடைப்பு என்றார் மருத்துவர். விழுந்த உடனே போயிருக்கும் என்றார். சட்டையில் கிழிசல் இல்லை, முதுகில் சிராய்ப்பு இல்லை. வலது கை விரல் முட்டிகள் மட்டும் நான்கும் தோல் உரிந்திருந்தன. விழுந்தபோது பட்டிருக்கும் என்று எழுதிக்கொண்டார். மல்லாந்து விழுந்தவனுக்கு முட்டி எப்படி உரியும் என்று நான் கேட்கவில்லை. நான் மூன்று தட்டும் கேட்டவள்.

மே மாதம் அந்தத் தரகரைத் தேடிப்போனேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். காரின் முதல் சொந்தக்காரர் வேறு மாகாணத்து மாட்டு மருத்துவர். ஒரு கல்யாண விருந்திலிருந்து திரும்பும் வழியில், அறுவடைக்கு வந்த கூலியாள் ஒருவனை மோதியிருக்கிறார். அவன் வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டான். வீட்டு வாசல் வரை பதினொரு கிலோமீட்டர். வண்டி கனமாக இருந்தது, அதனால் இன்னும் அழுத்தி ஓட்டினேன் என்று நீதிமன்றத்தில் சொன்னாராம். தட்டும் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது என்றாராம். புகைக்குழாய் கழன்று ஆடுகிறது என்று நினைத்தாராம்.

காரை நான் விற்கவில்லை. என்னவென்று சொல்லி விற்பது? கிடங்கின் பின்கொட்டகையில் டெல்ஃபோரிடம் விட்டிருக்கிறேன். அவன் இப்போது யாரையும் கிண்டல் செய்வதில்லை. ஓஸ்மாரை அடக்கம் செய்த மறுநாள், போலீஸ்காரர்கள் காரை இழுத்து வந்தபோது, பழக்க தோஷத்தில் அதை மேடையில் ஏற்றிப் பார்த்திருக்கிறான். ஒரு வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல். நான் நம்பவில்லை. என் எதிரிலேயே ஏற்றச் சொன்னேன்.

அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில் போகிறேன். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. டிராக்டரால் இழுத்து ஏற்றுகிறார்கள். கதவுகளைத் திறந்து உள்ளே யாரும் இல்லை என்று நானே பார்க்கிறேன். பிறகு டெல்ஃபோர் எண்ணைப் படிக்கிறான்.

போன திங்கட்கிழமையும் படித்தான்.

1,340.