சோத்தாங்கை

எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் டைனமோ ஃபிட்டர் அவர். தடித்த கழுத்து, கிரீஸ் ஏறிய மீசை. வயரைத் தொடும் முன் வலது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்துப் பார்ப்பார். கட்டைவிரல் கம்பி நகரும் பக்கம், ஆள்காட்டி காந்தம், நடுவிரல் கரண்டு.

நான் புதிதாக வந்த சூப்பர்வைசர். அன்று வலது கையில் பென்சில் இருந்ததால் இடது கையை விரித்துப் பார்த்து, பிளஸ் எது, மைனஸ் எது என்று சொல்லிவிட்டேன்.

"இன்னா சாரே, பீச்சாங்கையத் தூக்குற? அது மோட்டாருக்கு. டைனமோவுக்கு சோத்தாங்கை."

"பேசாம மாட்டுய்யா!"

வயரை மாட்டினார். அவருக்குக் கையாளாக நின்ற மச்சான் ஸ்விட்சைப் போட்டான். ஓடிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவோடு இது தலைகீழாகச் சேர்ந்து, ஸ்விட்ச் பலகையிலிருந்து தீ வெடித்தது. மச்சானின் முகத்தோல் வெந்து தொங்கியது.

ஃபிட்டர் என் கழுத்தை மேசையில் அழுத்தினார். பென்சிலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

"இது கம்பி. இது காந்தம். இது கரண்டு. பாத்துக்கினியா?"

நடுவிரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

விரல் கதவில் நசுங்கியது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அது இன்றும் நிமிராது. அத்தனை வெறியிலும் அந்த மனிதர் என் இடது கையைத் தொடவில்லை.