நபோர் ஓல்கின் வெளியே அடிக்காத பெனால்டி

எங்கள் ஊரான சான் ரோக்கேயில் நபோர் ஓல்கினுக்கு வணக்கம் சொன்னவர்களைவிட, "ஏன்யா அதை வெளிய அடிக்கல?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கல்யாண வீட்டில் கேட்டார்கள். பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது கேட்டார்கள். ஒருமுறை பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் மருந்துக்கடைக்கு வந்து நின்றான், அப்போதும் பின்னால் நின்ற ஒருவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து மைதானத்தில் மைக் பிடிப்பதும் நான்தான். அதனால் நபோரின் கதையைக் கண்ணால் பார்த்தவன் மட்டுமல்ல, ஊர் முழுக்கக் கேட்கும்படி வாயால் கத்தியவனும் நானே.

எங்கள் குழுவுக்குக் கலேரோஸ் என்று பெயர். சுண்ணாம்புக்காரர்கள் என்று அர்த்தம். காளவாயில் கல் சுடுகிற ஆட்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணிப்பந்தை உதைத்து ஆரம்பித்த குழு. பிறகு காளவாய் முதலாளி எலாதியோ சட்டையும் பூட்ஸும் பஸ்ஸும் வாங்கிக் கொடுத்தார், குழு அவருடையதாகிவிட்டது. அதை அப்போது யாரும் ஒரு விஷயமாக எண்ணவில்லை. காளவாய் அவருடையது, லாரி அவருடையது, குழுவும் அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். தேசிய ஆட்டத்தில் மூன்றாவது பிரிவில் வருடக்கணக்காகக் கிடந்தோம். மைதானத்துக் கோடுகளை எங்கள் ஊர்ச் சுண்ணாம்பிலேயே தாராளமாகப் போடுவோம். வெளியூர்க்காரர்கள் கண் எரிகிறது என்று புலம்பிக்கொண்டே தோற்றுப்போவார்கள்.

நபோர் அந்தக் குழுவில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பெரிய ஆட்டக்காரன் என்று யாரும் சொன்னதில்லை, அவனும் சொல்லிக்கொண்டதில்லை. பந்து காலுக்கு வந்தால் முன்னால் தள்ளுவான், எதிராளி வந்தால் குறுக்கே நிற்பான். வாரத்தில் ஆறு நாள் காளவாயில் மூட்டை தூக்குவான். அவனுடைய மனைவி தொமாசா நல்ல வாயாடி, அவனோ பேசுவதற்குக் கூலி கேட்கிறவன் மாதிரி இருப்பான்.

பிரிவு உயர்வதற்கான இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. வந்தவர்கள் கடற்கரைத் துறைமுகத்து ஆட்கள், எல்லோரும் எங்களைவிட ஒரு முழம் உயரம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வழக்கமாக அதை அடிக்கிற கேப்டன் தொடை பிடித்துக்கொண்டு ஏற்கெனவே வெளியே உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"யாராவது எடுங்கடா! பந்து என்ன கடிக்கவா போகுது?"

பத்து பேரும் தங்கள் பூட்ஸ் கயிற்றை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். நபோர் நடந்து வந்து பந்தை வாங்கினான்.

"சரி, குடு. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

நேராக நடுவில் அடித்தான். கோல்கீப்பர் வலது பக்கம் பாய்ந்திருந்தான். மைக்கில் நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நபோரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். பாதிரியார் தாமே கயிற்றைப் பிடித்து மணியடித்தார். ஆட்டுக்கறியைக் குழியில் புதைத்து வேகவைத்து, கற்றாழைக் கள்ளோடு தெருத்தெருவாகச் சாப்பிட்டோம். மாவு மில் கிரிஸ்பினா அக்கா நபோரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, இந்த வருடம் முழுக்க உன் வீட்டு மக்காச்சோளத்தைச் சும்மாவே அரைத்துத் தருகிறேன் என்று நடுத்தெருவில் வாக்குக் கொடுத்தாள்.

இங்கேதான் ஊரே சேர்ந்து ஒரு தப்புக்கணக்குப் போட்டிருந்தது. மேலே போய்விட்டால் குழு எங்களை விட்டு எங்கும் போகாது என்று நம்பினோம். நடந்தது நேர்மாறு. எங்கள் நாட்டில் ஒரு பிரிவில் ஆடுகிற இடத்தையே விற்கலாம், வாங்கலாம். மூன்றாவது பிரிவில் கிடந்தவரை எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பிரிவுக்குப் போனதும் வடக்கே எல்லையோர நகரம் ஒன்றில் பணக்காரர்கள் சிலர் பார்த்தார்கள். எலாதியோ காதும் காதும் வைத்தாற்போல விற்று முடித்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் இல்லை, சட்டைகள் இல்லை, கோல் வலைகூட இல்லை. முதலாளி குடும்பத்தோடு தலைநகருக்குக் குடிபோய்விட்டார். அந்த வடக்கத்திக் குழு இப்போது வேறு பெயரில், வேறு நிறத்தில் ஆடுகிறது. அதன் ஆட்டத்தை எங்கள் ஊரில் எவனும் டிவியில் பார்ப்பதில்லை.

போய்விட்ட முதலாளியை எப்படித் திட்டுவது? நபோர் தினமும் தெருவில் நடந்து போகிறான், திட்டுவதற்கு வசதியாக இருந்தான். முதலில் அது கிண்டல்தான். "மாப்ளே, கொஞ்சம் தூக்கி அடிச்சிருந்தா நாம இன்னைக்கும் ஆட்டம் பார்த்துட்டு இருப்போம்ல?" என்பார்கள், அவனும் சிரிப்பான். வருடம் போகப் போகக் கிண்டலில் இருந்த சிரிப்பு காணாமல் போய், கேள்வி மட்டும் மிஞ்சியது. அதிலும் கிரிஸ்பினா அக்காவுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. சும்மா அரைத்துத் தருவதாகச் சொன்னதை மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டாள். தொமாசா சோள வாளியோடு வரிசையில் நின்றால் மில் சத்தத்துக்கு மேலே குரல் வரும்.

"வாம்மா, ஊரை வித்தவன் பொண்டாட்டி! உன் புருஷன் காலு எப்படி இருக்கு? நல்லா நேரா இருக்கா இன்னும்?"

"உன் வாயைவிட நேராத்தான் இருக்கு, அக்கா!" என்று தொமாசாவும் விடமாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்து அழுவாள். கடைசியில் ஊர்க்கோடியில் இருக்கிற வேறொரு மில்லுக்கு நடக்க ஆரம்பித்தாள். அவர்களுடைய மகள் எல்விராவைப் பள்ளிக்கூடத்தில் பெனால்டி என்றே கூப்பிட்டார்கள்.

எனக்கு அந்தக் காலத்தில் ஊர் மீது வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் கடையில் வைத்து நபோரிடம் கேட்டேன், வடக்கத்திக் குழு உன்னையும் கூப்பிட்டதே, போயிருந்தால் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டிருக்க வேண்டாமே என்று.

"போயிருந்தா நான்தான் வித்தேன்னு ஆயிடும்," என்றான். கலைந்து கிடந்த மருந்துப் பெட்டிகளை நேராக அடுக்கிவிட்டு, "எனக்குப் பாராட்டெல்லாம் வேணாம்யா. அது ஒரு கோலு. கோலு போடத்தான் அடிச்சேன். அதை ஒருத்தராவது ஒத்துக்கிட்டா போதும்," என்றான். அவன் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் நான் அவனுடைய மகளுக்கு ஞானத்தகப்பன், என் பேச்சு கணக்கில் சேராது.

சில வருடம் கழித்து ஊர்க்காரர்களே கூடி ஒரு குழு ஆரம்பித்தோம். அதே பெயர், அதே வெள்ளைச் சட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற நாலாவது பிரிவு. முதலாளி கிடையாது. ஒவ்வொரு குடும்பமும் உறுப்பினர், எதுவானாலும் கூட்டம் போட்டுக் கைதூக்கித்தான் முடிவு. சட்டைக்குப் பொத்தான் வேண்டுமா கழுத்துப்பட்டி வேண்டுமா என்பதற்கே ஒருமுறை பாதி நாள் கைதூக்கினோம். காசு வாங்காமல் பயிற்சி கொடுக்க ஆள் தேடியபோது ஊரில் யாரும் முன்வரவில்லை, நபோர் மட்டும் வந்தான். அதற்கும் ஒருவன், "பெனால்டி மட்டும் சொல்லிக் குடுக்காதே" என்றான்.

அந்தப் பையன்கள் மெல்ல மெல்லத் தேறி, பழைய பெனால்டிக்குப் பதினோரு வருடம் கழித்து, பிரிவு உயர்வதற்கான இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஊருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் திடலில் கூட்டம் போட்டோம். குழுவின் செயலாளர் ஒனேசிமோ வாத்தியார் நிலைமையை எடுத்துச் சொன்னார். மேலே போனால் பெரிய மைதானம் வேண்டும், விளக்குக் கம்பம் வேண்டும், இரண்டுக்கும் எங்களிடம் வழியில்லை.

"ஜெயிச்சுட்டு, நாங்க மேல வரலைன்னு சொல்லிட முடியாதா வாத்தியாரே?" என்று ஒருவன் கேட்டான்.

"சொல்லலாம். ஆட்டம் நடத்துற மேலிடத்துக்காரங்க நம்மள ஆட விடாம நிறுத்தி வெப்பாங்க. உன்னால முடியலைன்னா முடிஞ்ச ஊருக்குக் குடுத்துடுன்னு நெருக்குவாங்க. போன தடவை முதலாளி வித்தாரு. இந்தத் தடவை நம்ம கையாலயே விக்க வெச்சிடுவாங்க."

கிரிஸ்பினா அக்கா எழுந்தாள்.

"அப்புறம் என்ன யோசனை? தோத்துட வேண்டியதுதானே!"

எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினோம். வாத்தியார் வேறு வழியில்லாமல், தோற்க வேண்டும் என்பவர்கள் கைதூக்கலாம் என்றார். திடல் முழுக்கக் கை. பாதிரியார்கூடத் தாடியைச் சொறிவதுபோல் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனதை நான் பார்த்தேன். நான் தூக்கவில்லை, அதற்காக என்னை யாரும் மெச்சவும் வேண்டாம், எனக்கு அன்று தோள் வலி.

"நபோரு, நீதான் பசங்ககிட்ட பக்குவமா சொல்லணும்," என்றார் வாத்தியார்.

நபோர் சுவரோரமாக நின்றிருந்தான். முகம் சிவந்திருந்தது.

"பதினோரு வருஷமா ஏன் வெளிய அடிக்கலன்னு கேக்குறீங்க. எனக்கு வெளிய அடிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அடிச்சிருப்பேன்ல? தெரியாததைப் பசங்களுக்கு நான் எப்படிச் சொல்லிக் குடுப்பேன்? கை தூக்கினவங்க வந்து அவங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லப் போனது கிரிஸ்பினா அக்கா ஒருத்திதான். பையன்கள் உடை மாற்றுகிற அறைக்குள் விறைப்பாக நுழைந்தவள் உடனே வெளியே வந்துவிட்டாள். என்ன சொன்னீர்கள் என்று வாசலில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

"ஒருத்தன் பூட்ஸ் கயித்தைத் தப்பாக் கட்டியிருந்தான். சரியாக் கட்டிக்கச் சொன்னேன்," என்றாள்.

ஆகப் பையன்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் நடந்த கூட்டம் அவர்கள் காதுக்கு எட்டாமலா இருக்கும்? ஆட்டம் துவங்கியதும் எங்கள் பக்கம் மேளம் இல்லை, சத்தம் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல ஊரே உட்கார்ந்திருந்தது. பையன்கள் அந்த அமைதியிலேயே ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். நபோர் கோட்டருகே நின்றான். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது எதிராளி ஒருவன் எங்கள் முன்கள ஆட்டக்காரன் ரொசேந்தோவைக் காலைவாரி விழுத்தாட்டினான். ரெஃப்ரி புள்ளியைக் காட்டினார். பெனால்டி.

மைக் என் கையில் இருந்தது. பெனால்டி என்று அறிவிப்பதற்குப் பதில் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ரொசேந்தோ பந்தை வைத்துவிட்டு நபோரைப் பார்த்தான். என்ன செய்யட்டும் என்று அவன் கேட்பது தூரத்திலிருந்த எனக்கே தெரிந்தது. நபோர் தலையை ஆட்டவுமில்லை, கையைக் காட்டவுமில்லை. பையன் மூச்சை இழுத்துவிட்டுப் பின்னால் நடந்தான். எனக்கு முன்வரிசையில் கிரிஸ்பினா அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்று முனகினாள். அவன் ஓடத் தொடங்கியதும் அந்த முனகல் நின்றது. முந்தின நாள் கைதூக்கிய அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து நின்றார்கள்.

பந்து வலது மூலையில் போய் வலையைத் தூக்கியது.

அதன்பிறகு குழு என்ன ஆனது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலிடத்து ஆட்கள் வந்து மைதானத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார்கள். இடத்தை விற்கச் சொல்லி நெருக்கினார்கள், நாங்கள் கைதூக்கி மறுத்தோம். ஒரு பருவம் முழுக்க ஆட்டமில்லாமல் கிடந்து, மறுபடியும் நாலாவது பிரிவிலேயே சேர்ந்தோம். இன்றும் அங்கேதான் ஆடுகிறோம். அந்தக் கூட்டத்தில் தோற்பதற்குக் கைதூக்கியவர்கள் யார் என்று இப்போது விசாரித்தால் ஊரில் ஒருவர்கூட இல்லை.

ஆனால் அந்த நிமிடத்தில் குழுவைப் பற்றி எவனுக்கு நினைப்பு? பாதிரியார் தொப்பியை வானத்துக்கு எறிந்தார். வாத்தியார் என் மைக் மேசை மீது ஏறிக் குதித்தார். கிரிஸ்பினா அக்கா அந்த வயதில் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் குதித்து, கோட்டருகே நின்ற நபோரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் போன வேகத்தைப் பார்த்துப் பயந்து, என்ன செய்துவிடுவாளோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன், கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்து. அதனால் அவள் சொன்னது நாலு பக்கத்து ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"ஐயோ நபோரு! அதைப் போய் எப்படிய்யா வெளிய அடிக்கிறது? எவனால முடியும்?"

நபோர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதான். அதுவும் மைக்கில் கேட்டது.